அருணைக்கு வந்த இருப்புப்பாதை – 17: எண்ணெய் கொடுத்த வாக்குமூலம்

திரும்பி வராத எண்ணெயைச் சோதிக்க முடியாது. நீராவி எஞ்சின்களின் காலம் முழுவதும், அதாவது தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் வழியாக அருணை எனும் திருவண்ணாமலையைத் தொட்டு, போளூர், ஆரணி ரோடு, வேலூர் கன்டோன்மென்ட் என வடக்கே ஏகிக் காட்பாடியையும் அதற்கப்பால் பாகாலா, தர்மாவரத்தையும் எட்டிய மீட்டர்கேஜ் பாதையைத் திறந்த 1890களின் தொடக்கத்திலிருந்து, டீசல் எஞ்சின்கள் வந்து சேரும் வரைக்கும், யந்திரங்களுக்கு இடப்பட்ட எண்ணெயில் பெரும்பகுதி ஒருவழிப் பிரயாணம் செய்தது என்பதே அதற்குக் காரணம். கம்பிக் குவளையிலிருந்து தடியிலும் தண்டிலும் சொட்டிய எண்ணெய், தன் கடமையைச் செய்துவிட்டுத் தண்டவாளத்தின் சரளைக் கற்களில் விழுந்து மறைந்தது. சிலிண்டருக்குள் சென்றதோ நீராவியோடு கலந்து புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போயிற்று. யந்திரத்தின் உள்ளே என்ன நடந்தது என்று விசாரிக்க, விசாரணைக்கு வரவேண்டிய சாட்சியே ஊரைவிட்டுப் போயிருந்தது.

1896 செப்டம்பர் 1 அன்று, கீழூரில் காதணிகளை அடகு வைத்துப் பெற்ற நான்கு ரூபாயில் டிக்கெட்டு வாங்கித் திருக்கோவிலூரில் ரயிலேறி அருணையில் வந்திறங்கிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவனைப் பற்றி முன்னர் ஓர் இதழில் விரிவாகக் கண்டோம். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவரைச் சுமந்து வந்த அந்த வண்டி எத்தகைய மசகில் ஓடிற்று என்று கேட்பது ஆன்மிக அன்பர்களுக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். எனினும் இத்தொடர் இருப்புப்பாதையின் சரித்திரமாகையால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காலத்து இந்திய ரயில்களில் விளக்கெரிக்கவும் அச்சுகளுக்கு மசகிடவும் ஆமணக்கெண்ணெய் பெருமளவில் உபயோகமாயிற்று. நம் வட்டாரத்து மக்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது. மாட்டுவண்டியின் இருசுக்கும் குடத்துக்கும் நடுவே, வைக்கோற்கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை இட்டு ஓட்டியவர்களே ரயில் நிலையத்துக்கு மூட்டை ஏற்றி வந்தார்கள். ரயில் பெட்டியின் அச்சுமுனையில் வார்ப்பிரும்புப் பெட்டியொன்று இருக்கும். ஆக்சில் பாக்ஸ் என்று அதற்குப் பெயர். அதன் அடியில் எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட் திணிக்கப்பட்டிருக்கும். மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒயிட் மெட்டல் பூசிய பித்தளைத் தாங்கி அச்சின்மீது அமர்ந்திருக்கும். எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறும். ஒயிட் மெட்டல் உருகும். அச்சே முறிந்துவிடவும் கூடும். ரயில்வேக்காரர்கள் இதனை ஹாட் ஆக்சில் என்ற இரண்டு சொற்களில் சொல்லி, அச்சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பெரிய நிலையங்களில் வண்டி நின்றதும் பரிசோதகர் ஒருவர் வரிசையாக நடந்து சென்று, ஒவ்வொரு பெட்டியின்மீதும் புறங்கையை வைத்துப் பார்த்ததும், கருகிய எண்ணெயின் வாடையை மூக்கினால் தேடியதும்தான் அந்நாளைய பரிசோதனை முறைகள். கையையும் மூக்கையும் நம்பிய அந்த முறையை நான் இகழமாட்டேன். அரை நூற்றாண்டுக்கு மேல் லட்சக்கணக்கான யாத்ரீகர்களைப் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். ஆயினும் சேதம் நடந்த பிறகே அம்முறை பேசிற்று; நடக்கப்போவதை அதனால் சொல்ல முடியவில்லை.

அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவே எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்பதே 1883 வரை எவருக்கும் விளங்காதிருந்தது என்பது வியப்பான செய்தி. பிரிட்டனின் யந்திரப் பொறியாளர் சங்கத்தார் உராய்வைப் பற்றி ஆராயும் பொறுப்பை போஷாம்ப் டவர் என்பவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். ரயில் பெட்டியின் அச்சைப் போன்ற ஓர் அமைப்பைச் சுழலவிட்டு ஆராய்ந்த அவர், எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையொன்று போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் அத்துளை வழியே உள்ளே இறங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கி வழிந்தது. மரத்தக்கை ஒன்றால் அடைத்தார். தக்கை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தியபோது, அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டிற்று. அச்சு தன் சுழற்சியாலேயே எண்ணெயைத் தாங்கிக்குள் இழுத்து அழுத்தம் உண்டாக்கி, அந்த எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து ஓடுகிறது. உலோகமும் உலோகமும் அப்போது தொடுவதே இல்லை. இதற்கான கணிதத்தை ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886இல் வகுத்துக் கொடுத்தார். இன்றைய கப்பல் சுழலிகள் முதல் மின்நிலைய யந்திரங்கள் வரை அந்தக் கணக்கின்மீதே ஓடுகின்றன.

ஆனால் படலம் எப்போதும் நிலைத்திருப்பதில்லை. யந்திரம் நிலையிலிருந்து கிளம்பும் முதற் கணங்களில் அது உருவாகியிராது. எண்ணெய் நீர்த்துவிட்டால் மெலியும். தூசு புகுந்தால் கிழியும். அந்தச் சமயங்களில் உலோகம் உலோகத்தை உரசி, கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகத் தேய்ந்து எண்ணெயில் கலக்கிறது. இத்துகள்கள் சரளையில் சிந்தாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சேரும்படியான யந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. டீசல் எஞ்சின் அத்தகைய யந்திரம்.

1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய ரயில்வே, மதராஸ் தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் ஒன்றுகூடித் தெற்கு ரயில்வேயாகிப் பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஸ்கெனெக்டெடி நகரத்து ஆல்கோ கம்பெனியார் நம் மீட்டர்கேஜ் பாதைகளுக்காகக் கட்டிய ஒய்.டி.எம்.4 என்ற டீசல் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. 1968 முதல் காசியிலிருந்த டீசல் எஞ்சின் தொழிற்சாலையே அவற்றைச் செய்யலாயிற்று. ஆறு சிலிண்டர்கள், 1,400 குதிரைசக்தி, சுமார் 72 டன் எடை. தமிழ்நாட்டு மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய இவ்வகை எஞ்சின்களுக்குத் தாய்வீடாக விளங்கியது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை 1928இல் அங்கு இடம் மாறி வந்ததையும், அதைச் சுற்றி ஒரு தனி நகரமே எழுந்ததையும் நேயர்கள் அறிவார்கள். அதன் அருகே அமைந்த டீசல் ஷெட்டில் பராமரிக்கப்பட்ட எஞ்சின்கள் விழுப்புரம் வழியே நம் பாதைக்கும் வந்து போயின.

ஒரு டீசல் எஞ்சினில் எண்ணெய் செல்லும் வழியை மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து பம்பு அதை இறைத்து, குளிர்விப்பான், வடிகட்டி வழியாகச் செலுத்துகிறது. கிராங்க் தண்டின் பிரதான தாங்கிகளுக்குப் போகிறது. தண்டினுள் குடைந்த துளைகளின் வழியே இணைப்புக் கம்பிகளின் தாங்கிகளுக்கு ஏறுகிறது. பிஸ்டனின் அடிவயிற்றில் பாய்ந்து அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சிலிண்டர் சுவர்களையும், கேம் தண்டையும், வால்வுகளை இயக்கும் கைகளையும், டர்போவின் அதிவேகச் சுழலியையும் நனைத்துவிட்டு மீண்டும் சம்பில் வந்து விழுகிறது. எஞ்சினைப் பிரித்தாலொழியக் கண்ணால் காண இயலாத ஒவ்வோர் அறைக்குள்ளும் புகுந்து, ஒவ்வோர் உறுப்பையும் ஸ்பரிசித்து, அங்கே தேய்ந்ததில் ஒரு சிட்டிகையைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு அது திரும்பி வருகிறது; ஓய்வின்றி இதையே செய்கிறது. ஆகவே ஒரு சிறு புட்டியில் பிடித்த எண்ணெய், எஞ்சின் முழுவதையும் பற்றிய வாக்குமூலமாகிவிடுகிறது.

அந்த வாக்குமூலத்தை வாசிக்கும் கலை இரண்டு பகுதிகளை உடையது. முதற்பகுதி எண்ணெயின் சொந்த நலத்தைப் பற்றியது; இது பழையது, எளியது. ஷெட்டின் பரிசோதனைச் சாலையில், சூடான தகட்டின்மீது எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வடிதாளில் ஒரு சொட்டு இடுவார்கள். நடுவில் கரிய வட்டம் இறுகி நின்றால் எண்ணெய் தன் அழுக்கைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது. சாம்பல் நிறமாகச் சீராகப் பரவினால் இன்னும் உழைக்கும். வழுவழுப்பின் அளவை, அதாவது பாகுநிலையை, குழாய் வழியே வடியும் நேரத்தைக் கொண்டு கணிப்பார்கள். பாகுநிலையும், எண்ணெய் தீப்பற்றும் வெப்பநிலையும் ஒருசேரக் குறைந்திருந்தால், எரியாத டீசல் சம்பில் கசிந்துகொண்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. எங்கோ ஓர் இஞ்செக்டர் ஒழுகுகிறது. இவை யாவும் முக்கியமானவையே. கந்தகமுள்ள டீசல் எரிவதால் பிறக்கும் அமிலத்தைத் தணிக்கும் காரத்தன்மை எண்ணெயில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதும் இவற்றோடு சேர்ந்ததே.

இரண்டாம் பகுதியின் கதை நீண்டது. அதன் ஒரு முனை நம் மாகாணத்திலேயே இருக்கிறது. எந்தப் பொருளையும் கொழுந்துவிட எரியச் செய்து அதன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும் என்று ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரத்துப் பேராசிரியர்கள் புன்சனும் கிர்ச்சாஃபும் 1859–60இல் நிறுவினார்கள். எட்டாண்டுகள் கழித்து, 1868 ஆகஸ்ட் 18 அன்று, பூரண சூரிய கிரகணம் ஒன்று அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியைக் கடந்து சென்றது. அதைக் காண பிரெஞ்சு வானியலார் ஜான்ஸன் குண்டூரிலும், சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்ஸன் மசூலிப்பட்டணத்திலும் ஒளிப்பகுப்புக் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளில் மஞ்சள் நிறக் கோடொன்று தென்பட்டது. சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில், ஆனால் அதுவல்லாத வேறொன்று. அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லாக்யரும் அதை ஆராய்ந்து, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்தின் கோடு என்று முடிவு கட்டினார். ஹீலியம் என்று பெயர் பெற்ற அத்தனிமத்தை ராம்சே பூமியில் கண்டெடுத்தது 1895இல். ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள நெருப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிய அதே சாஸ்திரம்தான், பிற்காலத்தில் ஒரு ஸ்பூன் கறுப்பு எண்ணெயில் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தது.

வழக்கமாக இத்தகைய புதுமைகள் விமானப்படையிலோ கடற்படையிலோ பிறந்து பிறகு சாமானிய உபயோகத்துக்கு இறங்கி வரும். இது அப்படியன்று, இருப்புப்பாதையிலேயே பிறந்தது. அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடரை ஊடறுத்து ஓடிய டென்வர்–ரியோ கிராண்டே ரயில்வே, 1940களில் நீராவியை விட்டு டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தது. நீண்ட ஏற்றங்களில் முழுச் சுமையோடு மணிக்கணக்கில் உழைத்த அந்த எஞ்சின்களில் தாங்கி ஒன்று மலைநடுவே பழுதானால் பாதையே அடைபட்டுப்போகும். அக்கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் 1946இல், உபயோகித்த எண்ணெயை ஒளிப்பகுப்புக் கருவியில் எரித்து, அதிலுள்ள உலோகங்களின் அளவைக் கொண்டு எந்த எஞ்சினில் எந்த உறுப்பு தேய்கிறது என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். அமெரிக்கக் கடற்படை விமான எஞ்சின்களுக்காக இதைக் கைக்கொண்டது 1955இல்தான். தரைப்படையும் விமானப்படையும் அதன் பின்னர் வந்து சேர்ந்தன. சரக்கு வண்டியிடம் போர்விமானம் பாடம் கேட்ட அபூர்வமான சந்தர்ப்பம் இது என்பதில் ரயில்வே சரித்திரம் எழுதுகிறவனுக்குச் சற்றே கர்வம் உண்டாவதை மறைப்பானேன்!

இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளில் இந்தப் பரிசோதனை நித்தியப்படி வேலையாயிற்று. ஸ்பெக்ட்ரோ லேப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அறையில், சிறு கிண்ணத்திலிருக்கும் எண்ணெயில் அடிவிளிம்பு தோயும்படி ஒரு கிராஃபைட் வில்லை மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அதன் மேல்விளிம்புக்கு நேராகக் கூரிய கிராஃபைட் குச்சியொன்று நிற்கும். இரண்டுக்குமிடையே உயர்ந்த மின்னழுத்தத்தில் பொறி பாயும்போது, வில்லை ஏந்தி வரும் எண்ணெய் பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் ஆவியாகி ஒளிரும். அந்த ஒளி நுண்கோடுகள் கீறிய தகட்டில் பட்டு வண்ணங்களாகப் பிரியும். ஒவ்வொரு தனிமத்தின் கோடும் விழவேண்டிய இடத்தில் ஒளியுணரும் குழாய் ஒன்று காத்திருக்கும். தாமிரத்தின் பலமான கோடு 3247 ஆங்ஸ்ட்ராமில், மனிதக் கண்ணுக்கு எட்டாத புறஊதாப் பகுதியில் இருக்கிறது. ஆகவே பொறியைப் பார்த்து நிறத்தால் ஊகிக்கும் வித்தை இங்கே பலிக்காது. அரை நிமிஷத்துக்குள் இரும்பு இத்தனை, தாமிரம் இத்தனை, ஈயம் இத்தனை என்று கருவி எண்களைக் கொடுத்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அதன் அளவுகோல், பி.பி.எம். என்று ஷெட்டில் சொல்வது அதையே. ஐந்நூறு கிலோ எண்ணெய் சுழலும் எஞ்சின் ஒன்றில் ஒரு பி.பி.எம். என்பது அரை கிராம் உலோகம். அவ்வளவு தேய்ந்ததைக்கூட, ஒரு நட்டைக் கழற்றாமல் அறிந்துவிட முடிந்தது.

எண்கள் கிடைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடவில்லை. வாசிக்கத் தெரிந்தவனுக்கே அவை பேசும். எஞ்சினின் எந்த உறுப்பு எந்த உலோகத்தால் ஆனது என்பதை அறிந்திருந்தால், தேய்வின் விலாசம் தெரிந்துவிடும். ஆல்கோ எஞ்சினின் பிரதான தாங்கிகளுக்கு மேற்பூச்சு ஈயமும் வெள்ளீயமும். அதற்குக் கீழே செம்புக் கலவை. முதலில் ஈயம் ஏறிப் பிறகு தாமிரமும் ஏறினால், மேற்பூச்சு போய் அடிப்படை உலோகம் உரசத் தொடங்கிவிட்டது. இனிக் காலம் தாழ்த்தினால் கிராங்க் தண்டுக்கே ஆபத்து. குரோமியம் ஏறினால், குரோமியப் பூச்சிட்ட சிலிண்டர் சுவரையோ பிஸ்டன் வளையங்களையோ சந்தேகிக்க வேண்டும். அலுமினியம் பிஸ்டனைச் சுட்டும். சோடியம் எஞ்சினின் எந்த உறுப்பிலும் இல்லை. குளிர்நீர்க் குழாய்கள் துருப்பிடிக்காதிருக்க நீரில் கலக்கும் மருந்தில் இருக்கிறது. எனவே எண்ணெயில் சோடியம் தென்படுமாயின், எங்கோ ஒரு ரப்பர் வளையம் தளர்ந்து தண்ணீர் கசிகிறது. அக்கசிவு சூடான தகட்டில் பொரியும் அளவுக்குப் பெருகும் முன்னரே, 1868இல் குண்டூரில் ஹீலியத்துக்கு அடுத்த வீட்டுக்காரனாக நின்ற அந்த மஞ்சள் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரும்பும் சிலிக்கனும் கைகோத்து ஏறுவது எங்கள் சீமைக்கு ஏற்ற நோய். சிலிக்கன் என்றால் மணல். மணல் என்றால் புழுதி. திருவண்ணாமலையிலிருந்து போளூர் வரை சித்திரை வைகாசியில் ஜன்னலோரம் அமர்ந்து பிரயாணம் செய்தவர்களுக்குச் செம்மண் புழுதியின் மகிமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காற்று வடிகட்டியில் ஒரு கிழிசலோ, குழாயில் ஓர் இடைவெளியோ இருந்தால் போதும். டர்போ உறிஞ்சும் காற்றோடு புழுதி சிலிண்டருக்குள் சென்று சாணைக்கல்லின் வேலையைச் செய்யத் தொடங்கும். அதற்கு மருந்து எஞ்சினைப் பிரிப்பதன்று, வடிகட்டியை மாற்றுவது. சில ரூபாய்ச் செலவில் தீரும் வியாதியை உரிய காலத்தில் கண்டுகொள்வதற்கு மேல் ஒரு பரிசோதனையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

வாசிப்பில் ஏமாறுவதற்கும் வழிகள் உண்டு. ஓடுகிற எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். குறைந்ததைப் புதிய எண்ணெயால் நிரப்புவார்கள். நிரப்பியவுடன் மாதிரி எடுத்தால் உலோகத்தின் அளவு குறைந்தாற்போலக் காணும். நோய் தீர்ந்துவிட்டதென்று நம்பி எஞ்சினை வெளியே விட்டால், அது பாதிவழியில் பதில் சொல்லும். ஆகையால் மாதிரியை நிரப்புவதற்கு முன், எஞ்சின் சூடாக இருக்கும்போதே, எப்போதும் ஒரே இடத்திலிருந்து, சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு தடவை கிடைத்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. நாற்பது என்று நெடுநாளாக நிற்கும் இரும்பு அச்சத்துக்குரியதன்று. பத்திலிருந்து இருபத்தைந்துக்கு இரண்டு வாரத்தில் தாவிய இரும்பே விசாரணைக்குரியது. அதனால்தான் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியாகப் பதிவேடு வைத்து, எண்ணெய் மாற்றிய தேதி, நிரப்பிய லிட்டர், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் குறித்து வந்தார்கள். லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி நிலையம் எச்சரிக்கை எல்லைகளை வகுத்துக் கொடுத்திருந்தது. ஆனாலும் பதிவேட்டைப் பலகாலம் புரட்டிய பரிசோதனைச் சாலை ஊழியருக்கு எல்லைக் கோட்டுக்கு வெகு முன்னரே ஓர் உறுத்தல் ஏற்பட்டுவிடும். அந்த உறுத்தலைக் கருவிக்குக் கற்பிக்க முடியுமா என்பது வேறு கேள்வி; முடியும் என்று இன்றைய கம்ப்யூட்டர்காரர்கள் சொல்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பொறியில் முழுதும் ஆவியாகக்கூடியவை மிக நுண்ணிய துகள்கள் மாத்திரமே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில், ஐந்து முதல் எட்டு மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் கணக்கில் அகப்படாமல் தப்பிவிடும். பற்சக்கரத்திலோ உருளைத் தாங்கியிலோ உலோகம் களைத்துப்போய்ச் செதிள் செதிளாகப் பெயர்கிறபோது பிறப்பவை பெரிய துண்டுகள். ஆகவே பேராபத்து நெருங்கும் வேளையில் எண்கள் அமைதியாக இருக்கக்கூடும். இக்குறையைத் தீர்க்க 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெஸ்ட்காட், ஸைஃபர்ட் என்னும் இருவர் ஃபெரோகிராஃபி என்ற முறையை ஆக்கினார்கள். சாய்வாக வைத்த கண்ணாடிச் சில்லின்மீது, பலமான காந்தத்துக்கு மேலாக எண்ணெயை ஓடவிட்டால், இரும்புத் துகள்கள் அளவு வாரியாகப் படிந்து நிற்கும். பிறகு நுண்பெருக்கியில் அவற்றின் உருவத்தைப் பார்க்கலாம். சாதாரணத் தேய்வு தட்டையான சிறு தகடுகளாக இருக்கும். கடினமான ஏதோவொன்று உலோகத்தைச் சீவியிருந்தால், தச்சனின் இழைப்புளியிலிருந்து விழும் சுருள் போன்ற இழைகள் தென்படும். உருளைத் தாங்கிகளில் விரிசல் ஓடத் தொடங்கினால் நுண்ணிய கோளங்கள் தோன்றும். நீலம் பாய்ந்த துகள் அளவு கடந்த வெப்பத்தைச் சொல்லும். எவ்வளவு என்பதை ஒளிப்பகுப்பும், எப்படி என்பதை ஃபெரோகிராஃபியும் கூறுவதால், இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதுவது பேதைமை.

தேய்வும் உராய்வும் ஒரு தேசத்தின் பொருளாதாரத்தையே அரிக்கின்றன என்பதை அரசாங்கங்கள் உணர்ந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அமைந்த குழு, 1966இல் வெளியிட்ட அறிக்கையில், மசகிடுவதில் அக்கறை காட்டினால் அந்நாடு ஆண்டுக்கு 51 கோடியே 50 லட்சம் பவுன் மீதப்படுத்தலாம் என்று கணக்கிட்டது. நம் நாட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஃபரிதாபாதில் தன் ஆராய்ச்சி நிலையத்தை 1972இல் தொடங்கியது. ரயில் எஞ்சின்களுக்கான எண்ணெயை வெளிநாட்டாரை எதிர்பாராமல் இங்கேயே வகுக்க வேண்டும் என்பது அதன் ஆரம்ப நோக்கங்களில் ஒன்று.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தமான பகுதி கருவிகளிலன்று, மனிதர்களிடையே நடந்த ஓயாத வாக்குவாதத்தில் இருக்கிறது. பரிசோதனைச் சாலை, “இந்த எஞ்சினை நிறுத்துங்கள்” என்று சீட்டெழுதும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையோ, “நன்றாகத்தானே ஓடுகிறது? கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் விடவேண்டும், எஞ்சின் வேண்டும்” என்று கேட்கும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒற்றைப் பாதையில் தீபத்தன்று எஞ்சின் பற்றாக்குறையால் ஒரு வண்டி ரத்தாகுமானால், பிளாட்பாரத்தில் நிற்கும் ஜனத்திரளுக்கு பி.பி.எம். கணக்கைச் சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது. அதேசமயம், தாமிரம் ஏறிய எஞ்சின் தண்டரைக்கும் அருணைக்கும் நடுவே இறுகிப்போய் நின்றுவிட்டால், ஒரு வண்டியன்று, இரு திசையிலும் அத்தனை வண்டிகளும் நிற்கும். இப்படிப்பட்ட தகராறுகளில் பரிசோதனைச் சாலையின் சொல்லுக்கே மேலதிகாரிகள் செவிசாய்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நிறுத்திய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லாதிருந்த நாளை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நிறுத்தியதால் நேராமல் போன விபத்தை ஒருவரும் நினைப்பதில்லை. எண்ணெய்ப் பரிசோதகருக்கு எக்காலத்தும் புகழ் கிட்டாததன் காரணம் இதுவே.

இந்த வித்தை ஷெட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. சர்க்கரை ஆலைகளில் கரும்பை நசுக்கும் உருளைகளின் பல்லிணைப் பெட்டிகள், அரைவைப் பருவம் முழுவதும் இரவு பகலாகச் சுழல்கின்றன. பருவத்தின் நடுவில் ஒரு பெட்டி உடைந்தால் வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்துபோகும். தென்கோடியில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நிற்கும் காற்றாலைகளின் உச்சியில், தரையிலிருந்து எட்டாத உயரத்தில் உள்ள பெட்டிகளுக்கு, எண்ணெய் மாதிரியே பெரும்பாலும் கண்ணும் காதும். நம் ஊர் மெக்கானிக்குகளோ கருவி எதுவும் இல்லாமலே இதன் முதற்பாடத்தை அறிந்திருந்தார்கள். கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினின் அளவுகோலை உருவி, ஒட்டியிருக்கும் எண்ணெயை விரலிடுக்கில் தேய்த்து, வெயிலில் பிடித்து மினுமினுப்பு தெரிகிறதா என்று பார்க்கும் பெரியவர்கள் இன்றும் செங்கம் சாலையில் இருக்கிறார்கள். மினுமினுப்பு கண்ணுக்குத் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2010-ஐ ஒட்டி விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் அகலப்பாதையாக மாறிற்று, ஒய்.டி.எம்.4 எஞ்சின்கள் நம் பாதையை விட்டு விடைபெற்றன. பிறகு மின்கம்பிகளும் வந்துவிட்டன. மின்சார எஞ்சினுக்குக் கிராங்க் தண்டும் இல்லை, பிஸ்டனும் இல்லை. ஆயினும் எண்ணெய் விட்டபாடில்லை. அதன் வயிற்றில் உள்ள டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. அந்த எண்ணெயில் உலோகத்தைத் தேடுவதைவிட வாயுவைத் தேடுவதே முக்கியம். உள்ளே எங்கேனும் மின்பொறி தெறித்தால் அசிட்டிலீனும், அதிகச் சூடேறினால் எத்திலீனும் உண்டாகி எண்ணெயில் கரைந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து அளந்தால், டிரான்ஸ்பார்மரைத் திறக்காமலே அதன் நோயைக் கூறிவிடலாம். ஷெட்டுகளில் புட்டியில் எண்ணெய் பிடிக்கும் வேலை இன்றளவும் தொடர்கிறது. புட்டியும் கேள்வியும் மாறியிருக்கின்றன.

அடுத்த இதழில், அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நின்றிருந்த ஆண்டுகளில் அருணையின் வியாபாரமும் யாத்திரையும் எப்படிச் சாலைக்கு மாறின என்பதைக் காண்போம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பொன்மலையிலோ விழுப்புரத்திலோ டீசல் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்று இவ்வட்டாரத்தில் வாழும் அன்பர்களிடம் பழைய எண்ணெய்ப் பதிவேடுகளின் நகலோ, குறிப்புப் புத்தகங்களோ இருக்குமானால், பழைய தாள் வியாபாரியிடம் போடுவதற்கு முன் ஆசிரியர் முகவரிக்கு ஒரு கார்டு எழுதித் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.